எந்த ஜி.என்.பி.யை வெளியிடுவது?

கர்நாடக சங்கீத ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்திருக்கும் இடத்தில் சண்டை மூட்ட சுலபமான வழி ஒன்று இருக்கிறது. "ஜி.என்.பி.யோட கச்சேரி டேப்புல பத்துதான் வெளியிடலாம்னா, எந்தப் பத்து?" என்று கேட்டுவிட்டு காபி குடிக்கப் போய்விடுங்கள். திரும்பி வரும்போது ஒருத்தர் "நாற்பதுகள்தான் ஜி.என்.பி., மத்ததெல்லாம் அதோட நிழல்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். இன்னொருத்தர், "குரல் போன பிறகு பாடினாரே, அதுதான் சங்கீதம்" என்பார். மூன்றாமவர் மிருதங்கம் படித்தவராக இருப்பார். அவருக்குப் பாடகர் யார் என்பதே இரண்டாம்பட்சம். பழனி சுப்பிரமணிய பிள்ளை வாசித்திருக்கிறாரா, அதை முதலில் சொல்லுங்க என்பார்.

எனக்கு இந்தச் சண்டை போன வருஷம் வரைக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. திருப்பத்தூரில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். ஆம்பூரில் டேனரி ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவர். சம்பளத்தில் பாதி கேசட்டுக்கே போச்சு என்று அவர் வீட்டில் சொல்வார்கள். அவர் காலமான பிறகு மகள் என்னைக் கூப்பிட்டு இரண்டு டிரங்குப் பெட்டிகளைத் திறந்து காட்டினார். நூற்று இருபது சொச்சம் சி-90 கேசட்டுகள். அடியில் நாலு ஸ்பூல்.

"எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னா ரொம்ப நாள் ஆகுமா தம்பி? முக்கியமானத மட்டும் எடுத்துக்கலாமா?" என்று கேட்டார் அக்கா.

நியாயமான கேள்விதான். ஒரு சி-90 கேசட்டை மாற்ற தொண்ணூறு நிமிஷம் ஆகும், வேகப்படுத்த முடியாது. நூற்று இருபது கேசட் என்றால் 180 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தாலும் ஒரு வருஷத்துக்கு மேல். அதற்குள் ஒட்டிக்கொண்ட டேப், கழன்று விழுந்த பிரஷர் பேட், பூஞ்சை எல்லாம் தனி வேலை. ஆகவே எதையாவது முதலில் எடுக்கணும், எதையாவது கடைசிக்குத் தள்ளணும். கடைசிக்குத் தள்ளியது அநேகமாக நடக்காது என்பது இந்த வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். "எது முக்கியம்" என்ற கேள்வியை அதற்கப்புறம்தான் நான் உட்கார்ந்து யோசித்தேன்.

இல்லாத காலத்துக்கு ஓட்டு

முதலில் நாற்பதுகளின் கட்சியை எடுத்துக்கொள்வோம். ஜி.என்.பாலசுப்பிரமணியம் பிறந்தது 1910, மறைந்தது 1965. முதல் கச்சேரி 1928ல். 1958ல் சங்கீத கலாநிதி. குரல் உச்சத்தில் இருந்தது முப்பதுகளின் கடைசியிலும் நாற்பதுகளிலும் என்பதில் கேட்டவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. அந்த வேகம், மூன்று ஸ்தாயியிலும் பிருகா உதிரும் விதம், எல்லாம் அந்தக் காலத்தது. சரி, அதை வெளியிடுங்கள் என்றால் வெளியிட என்ன இருக்கிறது?

இருப்பது இசைத்தட்டு. 'வாசுதேவயனி' போன்ற தட்டுகள் வீட்டுக்கு வீடு ஒலித்தவை. ஆனால் 78 சுற்றுத் தட்டு ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் தாங்கும். அந்த மூன்று நிமிஷத்துக்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம், நாலு ஆவர்த்தனம் ஸ்வரம் என்று மூச்சு முட்ட அடைத்திருப்பார்கள். அதற்கு மேல், எம்.எஸ்.ஸுடன் அவர் நடித்த 'சகுந்தலை' (1940) மாதிரி சினிமாக்கள். கச்சேரி? சென்னை வானொலி நிலையம் 1938 ஜூனிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் கச்சேரி என்பது மைக்கில் நேராகப் பாடுவது, அப்படியே காற்றில் போவது. டேப் ரிக்கார்டர் இங்கே பரவியது ஐம்பதுகளில். வசதியுள்ள ரசிகர்கள் வீட்டில் கிரண்டிக் ஸ்பூல் மெஷின் வந்து உட்கார்ந்தது அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில். அதற்கு முந்தைய முழுநீளச் சபாக் கச்சேரிப் பதிவு என்பது அநேகமாக இல்லை என்றே சொல்லலாம்.

அதாவது நாற்பதுகளுக்கு ஓட்டுப் போடுகிறவர் கேட்காத ஒன்றுக்கு ஓட்டுப் போடுகிறார். அவர் சொல்வது பொய் இல்லை. அவர் தாத்தா கேட்டதைச் சொல்கிறார்.

இது ஜி.என்.பி.க்கு மட்டும் நேர்ந்தது இல்ல. கச்சேரி பத்ததியை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் என்று நாம் சொல்லும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் 1890ல் பிறந்தவர். டேப் வந்தபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியாச்சு. நம்மிடம் இருக்கும் கச்சேரி அரியக்குடி முழுக்க முழுக்க கிழவர். முசிறி சுப்பிரமணிய ஐயர் நாற்பதுகளின் நடுவிலேயே மேடைக் கச்சேரியை நிறுத்திக்கொண்டார், அதனால் டேப்பின் யுகத்துக்கு அவர் கிட்டத்தட்ட வரவே இல்லை. ராஜரத்தினம் பிள்ளை 1956 டிசம்பரில் போய்விட்டார். சாமி புறப்பாட்டில் நடு ராத்திரி தெருமுனையில் நின்று அவர் வாசித்ததைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். நமக்குக் கையில் வருவது தட்டும் வானொலிப் பதிவும்தான். ஒரு வித்வானுடைய "சிறந்த காலம்" எது என்பதை ரசிகர்கள் தீர்மானிக்கவில்லை. ஒரு ஜெர்மன் கம்பெனியின் மெஷின் எப்போது மயிலாப்பூருக்கு வந்தது என்பது தீர்மானித்தது.

மோட்டார் கொடுத்த இளமை

அடுத்தது இன்னும் வேடிக்கை. இருக்கும் டேப்புகளை வைத்து "இது ஆரம்ப காலம், இது பிற்காலம்" என்று பிரிக்கிறோமே, அது எவ்வளவு நம்பகம்?

பெரியவரின் பெட்டியில் ஒரு கேசட். உறையில் நீல மையில் 'ஜி.என்.பி. - அருமையான குரல் - 50கள்?' என்று எழுதியிருக்கிறது. கேட்டால் குரல் நிஜமாகவே துள்ளுகிறது. ஐந்து நிமிஷம் கேட்டதும் ஏதோ உறுத்தியது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் தகரம் மாதிரி ஒலித்தது. பாடுகிறவர் நடுவில் தொண்டையைச் செருமினால்கூட சின்னப் பையன் செருமுகிற மாதிரி இருந்தது.

இந்த மாதிரி இடத்தில் உதவுவது மின்சாரம். நம் நாட்டில் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி, அதாவது 50 ஹெர்ட்ஸ். பழைய ரிக்கார்டர்களில் எர்த் சரியில்லாவிட்டால் அந்த 'ம்ம்ம்' என்ற இரைச்சல் டேப்பில் ஏறிவிடும். பதிவு தூய்மையாக இல்லையே என்று திட்டுவோம். ஆனால் அதே இரைச்சல்தான் சாட்சி. ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருளில் பாட்டில்லாத ஒரு இடத்தை, கைதட்டலுக்கு அப்புறம் வரும் மௌனத்தை, எடுத்து அலைவரிசைப் படம் போட்டுப் பாருங்கள். 50ல் நிற்கவேண்டிய கோடு 53ல் நின்றால் டேப் 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம்.

ஆறு சதவீதம் சின்ன விஷயம் இல்ல. ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் உள்ள தூரம் கிட்டத்தட்ட அதேதான். நாலு கட்டையில் பாடியவர் நாலரை கட்டையில் பாடுவதாகக் கேட்கும். சுருதி மட்டுமா? காலப்பிரமாணமும் அதே அளவு கூடும். பிருகா இன்னும் விறுவிறுப்பாக உதிரும். இளமை வந்துவிடும். நீல மை கேசட்டில் கோடு 53க்குக் கொஞ்சம் கீழே இருந்தது. சரிசெய்து கேட்டபோது குரல் அரைக்கட்டை இறங்கி, ஒரு ஐம்பது வயதுக்காரர் பொறுமையாகப் பாடிக்கொண்டிருந்தார். பாட்டு இன்னும் நன்றாக இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

இதில் இரண்டு எச்சரிக்கை. பிரதியெடுக்கும்போதும் இரைச்சல் ஏறும், அதனால் ஒரே டேப்பில் இரண்டு கோடுகள் இருக்கலாம். கடைசிப் பிரதியின் கோடு ஒழுங்காக 50ல் நிற்கும், மூலப் பதிவின் கோடு பக்கத்தில் மங்கலாக நகர்ந்திருக்கும். நமக்கு வேண்டியது மங்கலானது. இன்னொன்று, பேட்டரியில் ஓட்டிய ரிக்கார்டரில் இந்தச் சாட்சியே கிடையாது. பேட்டரி தீரத் தீர மோட்டார் மெதுவாகும். மெதுவாகப் பதிந்ததை ஒழுங்கான வேகத்தில் ஓட்டினால் கச்சேரி போகப் போக சுருதி ஏறிக்கொண்டே போகும். மங்களம் பாடும்போது வித்வானுக்கு இருபது வயசு.

யாருடைய கச்சேரி?

மிருதங்கக்காரர் கேட்ட கேள்வியை நாம் சிரித்துவிட்டு விட்டுவிடக்கூடாது. அவர்தான் உண்மையில் சரியான இடத்தைத் தொடுகிறார். தட்டு என்பது பாடகருடையது, கச்சேரி அப்படி இல்ல. ஜி.என்.பி. என்று உறையில் எழுதியிருந்தாலும் மேடையில் நாலைந்து பேர். லால்குடி ஜெயராமன் பின்தொடர்ந்து வாசிக்கும்போது ஆலாபனை வேறு பக்கம் திரும்புகிறது. சௌடையா தன் ஏழு தந்தி வயலினோடு உட்கார்ந்தால் வேறு பக்கம். பாலக்காடு மணி ஐயர் ஒரு கச்சேரியில் என்ன செய்தார் என்பதற்காக மட்டுமே கேட்கப்படும் டேப்புகள் உண்டு. பாடகரின் குரல் நல்ல காலம் ஒரு கணக்கு, பக்கவாத்தியம் கூடிவந்த காலம் இன்னொரு கணக்கு. இரண்டும் ஒரே வருஷத்தில் வரணும்னு கட்டாயம் இல்ல. குரல் இறங்கிய வருஷங்களில் பாடகர் இடைவெளி விடுவார், அந்த இடைவெளியில் வயலின் பேசும். அதனாலேயே வயலின் ரசிகர்கள் பிற்காலக் கட்சியில் இருப்பார்கள். யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பக்கவாத்தியக்காரர்கள் தேதி கண்டுபிடிக்கவும் உதவுவார்கள். இன்னொரு கேசட் உறையில் 'லால்குடி, பழனி, 1963' என்று இருக்கிறது. பழனி சுப்பிரமணிய பிள்ளை 1962 மே மாதம் காலமானார். ஆக, வருஷம் தப்பு அல்லது மிருதங்கம் வேறொருவர். பழனி இடதுகைக்காரர், அவருடைய தொப்பி ஒலிக்கென்று தனி அடையாளம் உண்டு. தெரிந்தவர்கள் கேட்டுச் சொல்லிவிடுவார்கள். நான் இரண்டு பேருக்கு அனுப்பினேன். இரண்டு பேரும் பழனிதான் என்றார்கள். அப்படியானால் அது 1962க்கு முந்தையது, வருஷத்தைத்தான் யாரோ நினைவிலிருந்து எழுதியிருக்கிறார்கள். காலத்தை வைத்து வெளியிடுவோம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் இந்தத் துப்பறியும் வேலையைச் செய்தாகணும். உறையை நம்பினால் அறுபதுகள் ஐம்பதுகளாகும், ஐம்பதுகள் அறுபதுகளாகும்.

வெளிவந்ததுதான் ஆளாகிறது

சரி, இவ்வளவு கஷ்டம் எதற்கு, நன்றாக இருப்பதை வெளியிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதற்கு எம்.எஸ்.சுப்புலட்சுமிதான் உதாரணம்.

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் எம்.எஸ். என்றால் காலையில் கோயில் ஒலிபெருக்கியில் வரும் சுப்ரபாதம். அறுபதுகளிலிருந்து எச்.எம்.வி. வெளியிட்ட பக்தி எல்.பி.க்கள்தான் அவரை வீடு வீடாகக் கொண்டுபோயின. 1966 அக்டோபரில் ஐ.நா. சபையில் பாடிய கச்சேரியும் எல்.பி.யாக வந்தது. ஆனால் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சபாக்களில் அவர் ராகம் தானம் பல்லவி பாடியதும், பைரவியையோ சங்கராபரணத்தையோ அரை மணி நேரம் விஸ்தாரம் செய்ததும் அதே அளவு வெளிவரவில்லை, அல்லது வெகு தாமதமாக வந்தது. விளைவு என்ன? "எம்.எஸ். பக்தியாகப் பாடுவார், கற்பனை கம்மி" என்று ஒரு தலைமுறை நம்பியது. டேப் வைத்திருந்தவர்கள் மறுத்துக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் எண்ணிக்கை சிறிது, சுப்ரபாதம் கேட்டவர்கள் எண்ணிக்கை பெரிது. ஒருத்தருடைய எந்தக் காலம் வெளியே வருகிறதோ, நாளைக்கு அவர் அந்த ஆளாகத்தான் இருப்பார். இந்தச் சண்டையில் பணயம் வைக்கப்படுவது இதுதான். அதனால்தான் ரசிகர்கள் இவ்வளவு காட்டமாகப் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு ஓரத்தில் செம்மங்குடி இருக்கிறார். 1908ல் பிறந்து 2003ல் மறைந்தவர். டேப், கேசட், சி.டி. மூன்று யுகத்தையும் பார்த்தவர். அவர் விஷயத்தில் பதிவு இல்லை என்ற பிரச்சினை கிடையாது, அளவுக்கு மீறி இருக்கிறது. கேள்வியே மாறிவிடுகிறது: எண்பது வயதுக்கு மேல் பாடியதை வெளியிடுவது மரியாதையா, அவமரியாதையா? என்னைக் கேட்டால் மரியாதைதான். குரல் ஒத்துழைக்காதபோது எதை விட்டார், எதை விடவில்லை என்பது பாடம்.

அமெரிக்காவில் ஒரு பெட்டகம்

இந்தச் சண்டை நம்ம ஊர்ச் சொத்து மட்டும் இல்ல. இதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழுவின் ரசிகர்கள். அறுபதுகளின் நடுவில் தொடங்கி 1995 வரை மேடையேறிய குழு. ஒரு நாள் வாசித்ததை மறுநாள் வாசிக்க மாட்டார்கள், ஒரு பாட்டை இருபது நிமிஷம் இழுத்து விஸ்தரிப்பார்கள். நம் மனோதர்மத்துக்கு ரொம்பத் தூரம் இல்லை. ரசிகர்கள் பதிவு செய்வதை அவர்கள் தடுக்கவில்லை. 1984ல் அரங்கில் அதற்கென்று தனி இடமே ஒதுக்கினார்கள். குழுவின் சொந்தப் பதிவுகள் பெட்டகத்தில் தனி.

அங்கேயும் கட்சிகள் உண்டு. 1972 என்பவர்கள், 1977 என்பவர்கள், எண்பதுகளின் கடைசி என்று அடம்பிடிப்பவர்கள். பெட்டகத்தைக் கவனித்துக்கொண்ட டிக் லட்வாலா தானே ஒரு ரசிகர், டேப் சேகரித்தவர். அவர் தேர்ந்தெடுத்ததை அவர் பெயரிலேயே 1993லிருந்து வெளியிட்டார்கள். அவர் 1999ல் இறந்த பிறகும் தொடர்ந்து 36 தொகுதி வந்தது. 2011ல் 1972 ஐரோப்பியப் பயணத்தின் 22 கச்சேரிகளையும் 73 வட்டுகளில் மொத்தமாக வெளியிட்டார்கள். 2015ல் இன்னொரு யோசனை: 1966 முதல் 1995 வரை வருஷத்துக்கு ஒரு கச்சேரி, முப்பது கச்சேரி, 80 வட்டு. மோசமான வருஷம் என்று பெயர் வாங்கியதற்கும் ஒரு இடம். எனக்கு இந்தத் தொகுப்பின் யோசனைதான் மிகவும் பிடித்தது. சண்டையைத் தீர்க்காமல், எல்லாக் கட்சிக்கும் ஒரு நாற்காலி போட்டுவிட்டார்கள்.

அவர்களிடமும் ஒரு டிரங்குப் பெட்டிக் கதை இருக்கிறது. பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற ஒலிப்பதிவாளர் எழுபதுகளில் எடுத்த அருமையான டேப்புகள், வாடகை கட்டாத சேமிப்பு அறையில் இருந்து 1986ல் ஏலம் போயின. வாங்கியவர்கள் கையிலிருந்து பிரதிகள் பரவின. அப்படிப் பரவியதில் ஒன்றுதான் 1977 மே 8 கார்னெல் பல்கலைக்கழகக் கச்சேரி. ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடியது. 2012ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அதைச் சேர்த்தது. முறைப்படி வெளிவந்தது 2017ல்தான், நாற்பது வருஷம் கழித்து. அந்தக் கச்சேரி ஏன் இவ்வளவு புகழ் பெற்றது? நன்றாக வாசித்தார்கள் என்பது ஒரு காரணம். ஒலி தெளிவாக இருந்த டேப் கைக்குக் கைக்கு எளிதாகப் பரவியது இன்னொரு காரணம். அங்கேயும் மெஷினுக்கு ஒரு ஓட்டு.

ஒரு வித்தியாசம் மட்டும். அவர்கள் நிறைய இருப்பதிலிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். நாம் மிஞ்சியதிலிருந்து.

உப்பு முதல்ல

எங்கள் பக்கம் தோல் வேலை தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் என்ன செய்யணும் என்று யோசிக்கவே வேண்டியிருக்காது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுக்கு வரும் பச்சைத் தோல் உரித்த சில மணி நேரத்தில் உப்புப் போட்டாகணும். அது உயர்ந்த தோலா, உண்ணி கடித்ததா, கத்தி பட்டதா என்று அப்போது யாரும் பார்க்க மாட்டார்கள். தரம் பிரிப்பது பதனிட்ட பிறகு, நல்ல வெளிச்சத்தில், ஒவ்வொரு தோலாக விரித்துப் பார்த்து. அப்போதும் கேள்வி 'நல்லதா கெட்டதா' என்பது இல்ல, 'எதுக்கு ஆகும்' என்பதுதான். ஷூவின் மேல்பாகத்துக்கு ஆகாதது உள்பக்கத்துக்கு ஆகும், அதற்கும் ஆகாதது வேறு எதற்காவது ஆகும்.

டேப்புக்கும் அதே வரிசைதான். கேசட்டில் காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை காலப்போக்கில் இளகுகிறது. சில ஸ்பூல் டேப்புகள் ஈரத்தை உறிஞ்சி பிசுபிசுத்து, ஓட்டும்போது துகள் அப்படியே தலைப்பாகத்தில் உரிந்து வந்துவிடும். பழைய அசிடேட் டேப் புளித்த காடி வாசனை அடிக்கும். அந்த வாசனை வந்தால் நாள் அதிகம் இல்லை என்று பொருள். திருப்பத்தூர் வெயிலில் ஓட்டுவீட்டுப் பரணில் முப்பது வருஷம் இருந்த பெட்டிக்கு இதெல்லாம் வராமல் இருக்குமா? ஆகவே நான் காலம் பார்த்து வரிசை போடவில்லை. முதலில் நாலு ஸ்பூல், அவற்றைச் சென்னையில் ஓட்டத் தெரிந்தவரிடம் கொடுத்தாச்சு. அடுத்து வேறு எங்கும் பிரதி இருக்க வாய்ப்பில்லாத கேசட்டுகள், அதாவது அவரே உள்ளூர்க் கோயில் உற்சவங்களிலும் கல்யாணங்களிலும் பதிந்தவை. பல பேருடைய பெயர்கூட உறையில் இல்லை. ஜி.என்.பி. கேசட்டுகள் அதற்கப்புறம்தான்.

அக்காவுக்கு இது முதலில் ஆச்சரியமாக இருந்தது. "பேர் போனவங்களத்தான் மொதல்ல எடுப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். பேர் போனவர்களின் டேப் இன்னும் நாலு பேர் வீட்டில் இருக்கும். வானொலியில் மறு ஒலிபரப்பானபோது 720ல் சென்னையையும், இந்தப் பக்கம் நன்றாகவே கேட்கும் 612ல் பெங்களூரையும் வைத்துப் பதிந்தவர் இவர் ஒருத்தர் மட்டும் இல்லையே. நடுவில் ஒரு மின்வெட்டு வந்து ராகம் அறுந்துபோயிருந்தாலும் வானொலிக் களஞ்சியத்தில் முழுசாக இருக்க வாய்ப்புண்டு. கல்யாண நாயனம் அப்படி இல்ல.

சட்டம் என்ன சொல்லுது

மாற்றி வைப்பது வேறு, வெளியிடுவது வேறு. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் கலைஞருக்கு நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக வந்தது 1994 திருத்தத்தில். இப்போது அதன் ஆயுள், கச்சேரி நடந்த வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 50 வருஷம். ஜி.என்.பி.யின் கடைசிக் கச்சேரியைக் கணக்கில் வைத்தாலும் 2015 முடிவோடு அந்தக் கணக்கு முடிந்தது. பாட்டை இயற்றியவரின் உரிமை தனி: அவர் இறந்து 60 வருஷம். தியாகராஜருக்குப் பிரச்சினை இல்ல. ஜி.என்.பி.யே இயற்றிய கிருதிகளுக்கு 2025 முடிவு வரை. பாபநாசம் சிவன் 1973ல் மறைந்தார், அதனால் கச்சேரி முடிவில் துக்கடாவாகப் பாடிய ஒரு சிவன் பாட்டுக்கு 2033 வரை. முழுக் கச்சேரியை அப்படியே வெளியிடாமல் சில உருப்படிகளை விட்டுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வானொலி பதிந்தது வானொலியுடையது. இதற்கெல்லாம் மேல், சட்டம் இருக்கோ இல்லையோ, குடும்பத்தைக் கேட்பது நம் பழக்கம். குடும்பங்கள் பெரும்பாலும் குரல் நன்றாக இருந்த காலத்தையே வெளியிட விரும்புகிறார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, நம் வீட்டுப் பெரியவர் படத்துக்கும் நாம் அதைத்தான் செய்வோம்.

ஆனால் ரசிகனாக என் ஓட்டு பிற்கால ஜி.என்.பி.க்கு, அதுவும் வெட்டாத முழுக் கச்சேரிக்கு. ஐம்பதுகளின் கடைசியிலிருந்து வரும் டேப்புகளில் அவர் பழைய வேகத்தில் ஒரு பிடியைத் தொடங்குகிறார், குரல் மேலே ஏற மறுக்கிறது. அந்த இடத்தில் இளம் பாடகர் என்றால் இருமிவிட்டு அடுத்ததுக்குப் போவார். இவர் அதே பிடியைப் பாதியாக உடைத்து, மத்யமத்திலேயே நின்று, வேறு வழியாக ஷட்ஜத்துக்கு வருகிறார். 78 தட்டில் இதற்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை. "பொறுக்கு மணி" தொகுப்பு போடுகிறவர்கள் இந்த இடத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

பெட்டியில் அப்படி ஒரு கேசட் இருக்கிறது. வேகத்தைச் சரிசெய்த பிறகு சுருதி நாலு கட்டைக்குச் சற்றே கீழே. தோடி ராகம் இருபத்திரண்டு நிமிஷம், பிறகு வயலின், பிறகு தானம். தானத்தின் நடுவில் 'ஏ' பக்கம் தீர்ந்து டக் என்று நிற்கிறது. 'பி' பக்கத்தில் வேறு ஒருவரின் புல்லாங்குழல். உறையில் சபா பெயர் இல்லை, தேதி இல்லை, ஜி.என்.பி. என்ற மூன்றெழுத்து மட்டும். தானம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் கூட்டத்தில் ஒரு குழந்தை அழுகிறது, யாரோ அதட்டுகிறார்கள், பாடகர் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்கிறார். உங்கள் வீட்டு ஸ்பூலிலோ கேசட்டிலோ இந்த இடம் இருந்தால், அதற்கப்புறம் என்ன பல்லவி பாடினார் என்று எனக்கு எழுதுங்கள்.